இரைப்பை பைபாஸுக்குப் பிறகும் முழங்கால் வலி: டோலோவைத் தாண்டி என்னதான் போடுவது?

கீழமாசி_கணக்கு:
எல்லோருக்கும் வணக்கம். எடைக் குறைப்பு சர்ஜரி செய்துகொண்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். போன வருஷம் எனக்கு இரைப்பை பைபாஸ் ஆனது. 128 கிலோ இருந்தவன் இப்போது 86. சர்க்கரை மாத்திரை குறைந்துவிட்டது, குறட்டை நின்றுவிட்டது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வலது முழங்காலும் இடுப்பும் விடவில்லை. எடை இறங்கினால் வலி தானாகப் போய்விடும் என்றார்கள், பாதி போனது, மீதி அப்படியே நிற்கிறது. கடையில் கணக்கு வேலைதான் என்றாலும் சரக்கு வந்தால் மாடி குடோனுக்கு ஏறி இறங்காமல் முடியாது, சாயங்காலம் ஆனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் படி இறங்குகிறேன்.

முன்பெல்லாம் மெடிக்கலில் ‘கால் வலிக்கு ஒரு செட் கொடுங்க’ என்றால் கொடுப்பார்கள், போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். இப்போது சர்ஜன் பெயின் கில்லர் எதுவும் கூடாது, டோலோ (பாராசிட்டமால்) மட்டும் என்று சொல்லிவிட்டார். டோலோ எனக்குப் போதவில்லை. எலும்பு டாக்டரிடம் போனேன், அவர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினார். பைபாஸ் ஆனதைச் சொன்னேன், ‘அதனால் ஒன்றுமில்லை, சாப்பிட்டதும் போடுங்க, கேஸ் மாத்திரையும் சேர்த்துத் தருகிறேன்’ என்றார். எங்கள் அண்ணன், ஊசியாகப் போட்டுக்கொள், அது வயிற்றுக்கே போகாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மேலமடை_அக்கா:
தம்பி, முதலில் அந்த மாத்திரையைப் போடாதீர்கள். சர்ஜனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் பாருங்கள். என் நாத்தனாருக்கும் பைபாஸ்தான். பல்வலி என்று பல் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போட்டாள். அவர் இதைப்பற்றிக் கேட்கவும் இல்லை, இவளிடம் யாரும் சொல்லி வைக்கவும் இல்லை. அடுத்த வாரமே தலைசுற்றல், மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. இரும்புச்சத்து மாத்திரை போடுவதால் கறுப்பாகத்தான் இருக்கும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். இரும்பு மாத்திரையால் கறுப்பது வேறு, இது பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, நாற்றமே தனியாக இருந்தது. எண்டோஸ்கோப்பி செய்தபோது சின்ன இரைப்பையைக் குடலோடு தைத்த இடத்தில் புண். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். மாசக்கணக்கில் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை, அப்புறம் மறுபடி எண்டோஸ்கோப்பி. பல்வலிக்குப் போட்ட மாத்திரைக்கு இவ்வளவு.

கவுன்ட்டர்_பார்மசிஸ்ட்:
இருபது வருஷமாகக் கவுன்ட்டரில் நிற்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, ஊசி விஷயத்தில் உங்கள் அண்ணன் சொல்வது தப்பு. இந்த வகை மருந்து (டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென், அசிக்ளோஃபினாக், நேப்ராக்ஸன், மெஃபனமிக் ஆசிட் எல்லாம் ஒரே குடும்பம்) இரைப்பையைத் தொட்டுப் புண்ணாக்குவதை விட ரத்தத்தில் கலந்துதான் அதிகம் கெடுக்கிறது. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டினை அது குறைக்கிறது, வலி அடங்குகிறது. ஆனால் வயிற்றின் உள்தோலைக் காக்கிற வழவழப்பைச் சுரக்க வைப்பதும், அங்கே ரத்த ஓட்டத்தைக் காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். வாயால் போட்டாலும், இடுப்பில் ஊசியாகப் போட்டாலும், ஆசனவாயில் வைத்தாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பைபாஸில் ஆசிட்டுக்குப் பழக்கமே இல்லாத குடல் பகுதியை நேராக இரைப்பையோடு இணைத்திருக்கிறார்கள், அந்தத் தையல் ஓரம்தான் முதலில் புண்ணாகும். சாப்பிட்டதும் போடுவதால் அது மாறாது. கேஸ் மாத்திரை ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

அடுத்தது பெயர். ‘பெயின் கில்லர் வேண்டாம்’ என்று சொல்லி அனுப்புகிறார்கள், எது எதெல்லாம் பெயின் கில்லர் என்று யாரும் சொல்வதில்லை. காம்பிஃபிளாமைப் பாராசிட்டமால் என்று நினைத்து வாங்குகிறார்கள், அதில் 400 மில்லிகிராம் ஐபுபுரோஃபென் இருக்கிறது. ஜீரோடால்-பி என்றால் 100 மில்லிகிராம் அசிக்ளோஃபினாக்கோடு 325 பாராசிட்டமால். மாதவிடாய் வலிக்குப் பெண்கள் கேட்கும் மெஃப்டால் ஸ்பாஸும் இந்தக் குடும்பம்தான், இதைச் சர்ஜரி முடிந்த பெண்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். செட் மாத்திரையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உதிரியாக வெட்டி ஒரு கவரில் போட்டுத் தருவதில் எது என்னவென்று தெரியவே தெரியாது, பல செட்டில் டைக்ளோவோடு ஸ்டீராய்டும் கிடக்கும். இரண்டும் சேர்ந்தால் புண்ணுக்கான ஆபத்து இன்னும் கூடும். எங்கள் தொழிலில் இருப்பவர்களே கொடுப்பதுதான், வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

சிகரெட் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அந்தப் புண்ணுக்கு மாத்திரைக்கு இணையான காரணம் அது.

உசிலை_ஸ்லீவ்:
இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? எனக்கும் எடைக் குறைப்பு சர்ஜரி ஆனதுதான். கால் சுளுக்கியபோது என் சர்ஜனே அஞ்சு நாளைக்கு எழுதிக் கொடுத்தார், போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆளாளுக்கு நெட்டில் படித்துவிட்டு மாத்திரையே விஷம் என்கிற மாதிரிப் பேசுகிறார்கள்.

மேலமடை_அக்கா:
உங்கள் பெயரிலேயே பதில் இருக்கிறதே. உங்களுக்கு ஸ்லீவ், இரைப்பையைக் குறுக்கி விடுவார்கள், குடலில் கை வைப்பதில்லை, அந்த இணைப்பே கிடையாது. அதனால் சில சர்ஜன்கள் ஸ்லீவ் ஆனவர்களுக்குக் கொஞ்ச நாளைக்கு, ஆசிட் மாத்திரை சேர்த்து, பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். தம்பிக்கு பைபாஸ். மினி பைபாஸ் செய்தவர்களும் பைபாஸ் கணக்குதான், ‘மினிதானே’ என்று இருந்துவிடக் கூடாது. உங்கள் சர்ஜன் உங்களுக்குச் சொன்னதை அடுத்தவருக்குச் சொல்லாதீர்கள்.

உசிலை_ஸ்லீவ்:
சரிங்க்கா, அந்த வித்தியாசம் யாரும் சொல்லவில்லை. எடுத்துக்கொள்கிறேன்.

கீழமாசி_கணக்கு:
அண்ணே, ரொம்ப நன்றி. எலும்பு டாக்டர் எழுதிய ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அசிக்ளோஃபினாக்தான். தூக்கி வைத்துவிட்டேன். சரி, அப்படியானால் எனக்கு டோலோவை விட்டால் கதியே இல்லையா? ட்ரமடால் என்று ஒன்றைக் கூட வேலை பார்ப்பவர் சொல்கிறார்.

கவுன்ட்டர்_பார்மசிஸ்ட்:
முதலில் டோலோவையே ஒழுங்காகப் போட்டுப் பார்த்தீர்களா? வலி உச்சத்துக்குப் போன பிறகு ஒன்று போட்டு, கேட்கவில்லை என்று விடுவதுதான் இங்கே வழக்கம். படி ஏறுகிற வேலை எப்போது என்று உங்களுக்குத் தெரியும், அதற்கு முக்கால் மணி முன்னால் போட்டால் வேறு மாதிரி இருக்கும். 650 மாத்திரையை நாளைக்கு நாலு வேளை போட்டால் 2,600 மில்லிகிராம் ஆகிறது. பெரியவர்களுக்கு உச்சவரம்பு 4,000, நாள்பட்டுப் போடுகிறவர்களைப் பல டாக்டர்கள் 3,000க்குள்ளேயே நிறுத்துகிறார்கள். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் இன்னும் குறையும். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள், நீங்கள் கணக்குப் பார்க்கிற ஆள்தானே.

ட்ரமடால் அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து, டாக்டர் எழுதாமல் கிடைக்காது, 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்து விட்டார்கள், தர மறுத்தால் கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். சர்ஜரி முடிந்த புதிதில் சில நாளைக்குக் கொடுப்பது சரிதான். வருஷக்கணக்கான மூட்டு வலிக்கு அதைப் பிடித்துக்கொண்டால் மலச்சிக்கல், குமட்டல், அப்புறம் அது இல்லாமல் இருக்க முடியாத நிலை. மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் பைபாஸ் ஆனவர்களின் குடலில் எழுதியபடி வேலை செய்யும் என்று சொல்ல முடியாது, அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

டைக்ளோஃபினாக் ஜெல் இருக்கிறதே, முழங்காலில் தடவுவது, மாத்திரையில் ரத்தத்துக்குப் போவதில் சிறு பங்குதான் அதில் போகிறது. முழங்கால், கை மூட்டு மாதிரித் தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் மூட்டுக்குக் கேட்கும், இடுப்புக்கு அவ்வளவாகக் கேட்காது. பல சர்ஜன்கள் சம்மதிக்கிறார்கள், உங்களுடையவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆனால் ஒரு பட்டாணி அளவு தொட்டுத் தேய்த்துவிட்டுப் பலன் இல்லை என்று சொல்லக் கூடாது, ட்யூபோடு வரும் தாளில் எவ்வளவு என்று போட்டிருக்கும்.

பிசியோ_கேகேநகர்:
எல்லோரும் மாத்திரையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் குறுக்கே வருகிறேன். சார், உங்களுக்கு 42 கிலோ இறங்கியிருக்கிறது. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல் விழும் பாரம், இறங்கிய ஒரு கிலோவுக்கு நாலு கிலோ வீதம் குறைகிறது, அந்தப் பாதி வலி போனது அதனால்தான். மீதிக்கு என்ன காரணம் என்று யாராவது உங்கள் தொடையைத் தொட்டுப் பார்த்தார்களா? சர்ஜரிக்குப் பிறகு வேகமாக எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் போகிறது. 128 கிலோவைத் தூக்கிப் பழகிய தொடைத் தசை இப்போது குறைந்திருக்கும். தேய்ந்த மூட்டைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தசைதான். அது இல்லாமல் எந்த மாத்திரை போட்டாலும் படி இறங்கும்போது முழங்கால் தடுமாறத்தான் செய்யும். நீங்கள் பக்கவாட்டில் இறங்குகிறேன் என்றதைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது.

இன்றைக்கே ஆரம்பிக்கலாம். கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள், ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள், துண்டை நசுக்குகிற மாதிரி முழங்காலைக் கீழே அழுத்தி அஞ்சு எண்ணும் வரை பிடித்து விடுங்கள். அழுத்தும்போது முழங்கால் சில்லுக்கு மேலே, உட்பக்கமாக விரலை வைத்துப் பாருங்கள், அங்கே தசை கல்லாக இறுக வேண்டும். இறுகவில்லை என்றால் நீங்கள் இடுப்பைத் தூக்கி ஏமாற்றுகிறீர்கள். அது பழகியதும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கடையில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், கொஞ்சம் உயரமான கெட்டியான நாற்காலி, கையை ஊன்றாமல் எழ வேண்டும், உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும். இறங்குவதில்தான் தசை வளரும். உடற்பயிற்சி முடிந்த பிறகு கொஞ்சம் வலிக்கும், மறுநாள் காலைக்குள் அடங்கினால் சரி, அடங்காமல் வீங்கினால் அளவைக் குறையுங்கள்.

அதோடு புரதம். நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை சொல்லி அனுப்பியிருப்பார்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்? ரெண்டு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும், புரதம் அதில் ரொம்பக் கொஞ்சம். ஒரு முட்டையில் 6 கிராம், அந்தக் கணக்கில் யோசியுங்கள். தட்டில் முதலில் முட்டையோ மீனோ சுண்டலோ பனீரோ போகட்டும், இடம் இருந்தால் இட்லி.

டீச்சர்_திருமங்கலம்:
எனக்குக் கிட்டத்தட்ட உங்கள் கதைதான், ஆனால் காரணம் வேறாக இருந்தது. முழங்கால் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிவிட்டார்கள். எனக்கோ முழங்காலை விட முன்னங்கால் எலும்பும் விலாவும் வலிக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் உயிர் போகும். இன்னொரு டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார், வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க வைக்கும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறிக் கிடந்தது. மதுரை வெயிலில் இருந்துகொண்டு வைட்டமின் டி குறைவா என்று எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். வெயில் இருந்து என்ன, வகுப்பறைக்குள் நிற்கிறோம், பைபாஸில் கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாததால் கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் சரியாக உள்ளே போவதில்லை. டி குறைந்தால் கால்சியமும் சரியாகச் சேராது, கால்சியம் கிடைக்கவில்லை என்றால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

கால்சியத்தில் கார்பனேட் வகை கரைய ஆசிட் வேண்டும், நமக்கு அது குறைவு, அதனால் சிட்ரேட் வகை கேட்டு வாங்குங்கள். இரும்பு மாத்திரையும் கால்சியமும் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்றை ஒன்று கெடுக்கும், ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இரும்பு மாத்திரையை டீயோடு முழுங்காதீர்கள். பாதம் எரிகிறது, மரத்துப் போகிறது என்றால் சர்க்கரை நோய் என்று முடிவு கட்டாமல் பி12 பாருங்கள். அப்புறம், தொடர்ந்து வாந்தி எடுக்கிறவர்களுக்கு பி1 தீர்ந்துபோய்க் கால் தள்ளாடும், பார்வை இரட்டையாகத் தெரியும். அது தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அழகர்மலை_அடிவாரம்:
இங்கிலீஷ் மருந்தால்தான் இவ்வளவு பாடு. எங்கள் பக்கம் ஒருவர் மூட்டு வலிக்குப் பொடி கொடுக்கிறார், மூன்றே நாளில் எழுந்து ஓடுகிறார்கள். பக்க விளைவே கிடையாது. வேண்டுமானால் விவரம் தனியாக அனுப்புகிறேன்.

கவுன்ட்டர்_பார்மசிஸ்ட்:
மூன்று நாளில் எழுந்து ஓட வைக்கிற பொடி என்றால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். இப்படி லேபிள் இல்லாத பொட்டலங்களைச் சோதித்ததில் ஸ்டீராய்டும் டைக்ளோவும் கலந்திருந்தது பல முறை தெரியவந்திருக்கிறது. முகம் உப்பியிருக்கிறதா, சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று அந்த ஓடுகிறவர்களைப் பாருங்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர் என்றால் மருந்தின் பெயரை எழுதித் தருவார், அதைச் சர்ஜனிடம் காட்டலாம். எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள்.

மேலமடை_அக்கா:
முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம், இதெல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். ஒத்தடம் எனக்கே சுகமாக இருக்கிறது. பொடி வேண்டாம்.

மேலூர்_மருமகள்:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு மூட்டு வலி இல்லை, வயிற்று வலி. பைபாஸ் ஆகி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் மேல் வயிற்றில் பிடித்து இழுக்கும், முதுகு வரைக்கும் போகும், ஒரு மணி நேரத்தில் தானாக விட்டுவிடும். வாரத்துக்கு ஒரு தடவை வந்தது இப்போது அடிக்கடி வருகிறது. மாமியார் கேஸ் என்று ஓமத்தண்ணி தருகிறார். இதற்கும் டோலோ போடலாமா?

மேலமடை_அக்கா:
கண்ணு, இதை நாள்பட்ட வலி என்று பழகிக்கொள்ளாதே. வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் வரும், அது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று, உடம்போடு சேர்ந்து குடலைச் சுற்றியுள்ள கொழுப்பும் கரைவதால் உள்ளே தைத்த இடைவெளிகள் பெரிதாகி, குடல் அதற்குள் நுழைந்து முறுக்கிக்கொள்ளும். வரும், போகும், ஸ்கேனில் கூடச் சில சமயம் தெரியாது. முறுக்கு விடாமல் நின்றுவிட்டால் குடல் அழுகிப் போகும், சில மணி நேரம்தான் அவகாசம். நாளைக்கே உன் சர்ஜனைப் பார். அதற்குள் விடாத வலியோ வாந்தியோ வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் சிடி ஸ்கேனும் சர்ஜனும் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போ. பக்கத்துக் கிளினிக்கில் வலி ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வராதே. போகும்போது ‘இரைப்பை பைபாஸ்’ என்று முழுசாகச் சொல், வெறும் பைபாஸ் என்றால் டியூட்டி டாக்டர் இதய ஆபரேஷன் என்று நினைத்து ஈசிஜி எடுக்கக் கிளம்பிவிடுவார்.

கீழமாசி_கணக்கு:
கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. எல்லோரும் சொன்னபடி சர்ஜனிடமே போனேன். அந்த மாத்திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது, எலும்பு டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். ரத்தம் பார்த்ததில் எனக்கும் டி குறைவு, பி12 ஓரளவு பரவாயில்லை. டோலோ நேரப்படி, ஜெல், டி, சிட்ரேட் கால்சியம். துண்டு வைத்து அழுத்துகிற பயிற்சி தினமும் செய்கிறேன், பிசியோ மேடம் சொன்ன மாதிரி முதலில் இடுப்பைத் தூக்கித்தான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். படி இறங்குவது முன்னைக்குத் தேவலை. இடுப்பு வலி தொடைக்குப் பின்னால் ஓடி விரல் வரை சுரீர் என்று இழுப்பதால் நரம்பு வலி என்று ப்ரீகாபலின் எழுதியிருக்கிறார்கள். எடை ஏறும் என்று கேள்விப்பட்டேன், பயமாக இருக்கிறது. இன்னொன்று, கடை ஆட்கள் ராத்திரி ஒரு கட்டிங் போட்டால் வலி தெரியாமல் தூங்கலாம் என்கிறார்கள்.

கவுன்ட்டர்_பார்மசிஸ்ட்:
கட்டிங் வேண்டவே வேண்டாம் அண்ணே. பைபாஸ் ஆன உடம்பில் சாராயம் சட்டென்று ரத்தத்தில் ஏறும், முன்பு தாங்கிய அளவு இப்போது தாங்காது, சர்ஜரிக்குப் பிறகு புதிதாகக் குடிக்கு அடிமையானவர்களும் இருக்கிறார்கள். ப்ரீகாபலினோடு சேர்ந்தால் மயக்கம் கூடும், மூச்சும் மட்டுப்படும்.

ப்ரீகாபலினால் சிலருக்கு எடை ஏறுவது உண்மைதான், கால் வீக்கமும் வரும். எல்லோருக்கும் வருவதில்லை. வாரா வாரம் எடை பாருங்கள், ஏறினால் டாக்டரிடம் சொல்லி மாற்றலாம், டுலாக்ஸடின் மாதிரி வேறு மருந்தும் இருக்கிறது. நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முதல் சில நாள் தூக்கமாக வரும், வண்டி ஓட்டுவதைத் தவிருங்கள், கீழமாசி வீதி நெரிசலில் அது சாதாரணமாகவே கஷ்டம்.

பிசியோ_கேகேநகர்:
நரம்பு இழுப்பு இருப்பதை நீங்கள் முதலில் சொல்லவில்லை சார். அப்படியானால் மூட்டையைக் குனிந்து தூக்குவதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். பாதம் தொங்குகிறது, ஒன்றுக்கு ரெண்டுக்குப் போவது தெரியவில்லை, அடித்தொடை மரத்துப் போகிறது என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது இல்லாதவரை நடக்கலாம். தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரே மூச்சில் நடக்காமல் பாதியில் உட்கார்ந்து எழுந்து நடங்கள், சமதளம், நல்ல ஷூ, ரப்பர் செருப்பு வேண்டாம்.

மேலூர்_மருமகள்:
அக்கா, போய்விட்டு வந்தேன். ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரிகிறது. குடலையும் உள்ளே பார்த்துவிடலாம் என்று ரெண்டுக்கும் சேர்த்து லேப்ராஸ்கோப்பிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை வலிக்கு என்று இந்த மாத்திரை கொடுத்தார்கள், பெயரைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன், இது நமக்கு ஆகுமா அண்ணா?

கவுன்ட்டர்_பார்மசிஸ்ட்:
முன்பக்கத்தில் பிராண்டு பெயர் மட்டும்தான் தெரிகிறது தங்கச்சி, அதே பெயரில் நாலு விதமாக வருகிறது. ஸ்ட்ரிப்பைத் திருப்பி, பின்பக்கச் சின்ன எழுத்து தெரிகிற மாதிரி இன்னொரு படம் போடுங்கள். அதுவரை போட வேண்டாம். கடை பத்து மணி வரை திறந்திருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்.